நெருப்பின் முன் ஓடாமல் நிற்கும் தண்ணீர்

கைக்குழந்தைக்காரியான ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அமெரிக்காவிலே காட்டுத்தீ வந்தப்போ வீட்டு மேலே ஏதோ ஜெல்லி மாதிரி பூசிக் காப்பாத்தினாங்களாமே! பாப்பாவுக்குக் கட்டற டயபருக்குள்ளே இருக்கிற அதே சாமான்தானாமே? அப்படின்னா நாமும் வாங்கி அடுப்பங்கரையிலே வெச்சுக்கலாமா?"

கேள்வியின் முதல் பாதி நிஜம்தான். இரண்டாம் பாதிக்குப் பதில், "வேண்டவே வேண்டாம்!" ஏன் நிஜம், ஏன் வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால் சோற்றுப் பானையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

அடுப்பில் சோறு கொதிக்கிறது. பானையில் தண்ணீர் இருக்கிறவரை எவ்வளவு எரித்தாலும் சோறு தீய்வதில்லை. தண்ணீர் வற்றுகிற நிமிஷத்தில்தான் அடி பிடிக்கிறது. நமக்கெல்லாம் கை பழகிய விஷயம். காரணத்தை யோசித்திருக்க மாட்டோம். தண்ணீர் 100 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடுகிறது. அதற்கு மேல் சூடேறுவதில்லை. கீழிருந்து வருகிற உஷ்ணத்தை எல்லாம் ஆவியாகிப் போவதற்கே செலவழித்துவிடுகிறது. ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 70 பங்கு உஷ்ணம் போதும். கொதித்த அதே ஒரு லிட்டரை முழுக்க ஆவியாக்க இன்னும் 540 பங்கு வேண்டும். பாயசம் சுண்டுவதற்கு ஏன் அத்தனை நேரம் ஆகிறது என்பதும் இந்தக் கணக்கில்தான் அடக்கம்.

நெருப்பை அணைக்கத் தண்ணீரைவிடச் சிறந்த பொருள் கிடையாது என்பதற்கும் இதுதான் காரணம். ஆனால் தண்ணீருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நிற்காது. சுவரில் வீசினால் வழிந்து ஓடிவிடும், கூரையில் ஊற்றினால் தாழ்வாரத்தில் கொட்டிவிடும். தீயணைப்பு வண்டி பீய்ச்சும் தண்ணீரில் பெரும்பகுதி உஷ்ணத்தை வாங்கி ஆவியாவதற்கு முன்பே சாக்கடைக்குப் போய்விடுகிறது. ஆவியாகாமல் ஓடிப்போன தண்ணீர் அந்த 540 பங்கு வேலையைச் செய்யவே இல்லை. அதற்காகத்தான் நம் பெரியவர்கள் தீப்பிடித்த இடத்தில் நனைத்த சாக்கைப் போட்டார்கள். சாக்கு தண்ணீரைப் பிடித்து நிறுத்தும். சாக்கின் வேலையை இன்னும் பல மடங்கு திறமையாகச் செய்கிற பொருள்தான் வாசகி கேட்டிருக்கும் ஜெல்லி. விஞ்ஞானிகள் ஹைட்ரோஜெல் என்கிறார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ராத்திரி ஊறப்போட்ட பாதாம் பிசினைக் காலையில் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? கடுகளவு சப்ஜா விதை வழவழவென்று ஒரு கண்ணாடிச் சட்டை போட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதுவும் ஹைட்ரோஜெல்தான். மதுரை ஜிகர்தண்டாவைச் சாப்பிட்டவர்கள் எல்லோரும் ஹைட்ரோஜெல் சாப்பிட்டவர்களே!

சோளமாவில் பிறந்த பிசின்

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் பியோரியா என்ற ஊரில் அந்நாட்டு விவசாய இலாகாவின் ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. சோளத்தை வைத்து என்னென்ன செய்யலாம் என்று பார்ப்பது அவர்கள் வேலைகளில் ஒன்று. சோளமாவுச் சத்தோடு ஒரு செயற்கைப் பாலிமரை ஒட்டவைத்து, தன் எடையைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு தண்ணீரை உறிஞ்சும் ஒரு பொருளை அங்கே கண்டுபிடித்தார்கள். 1970களில் அதற்கு "சூப்பர் ஸ்லர்ப்பர்" என்று பெயர் வைத்தார்கள். "உறிஞ்சோ உறிஞ்சென்று உறிஞ்சுபவன்" என்று வைத்துக்கொள்ளலாம். காய்ந்த மண்ணில் கலந்தால் செடிக்கு ஈரம் நிற்கும் என்பதே அவர்கள் எண்ணம். கடைசியில் அந்த வகைப் பொருள் யாருக்கு அதிகம் பயன்பட்டது? பெண்களுக்கும் குழந்தைகளுக்கும்! 1970களின் கடைசியில் ஜப்பானில் மாதவிலக்கு நாப்கினில் சேர்த்தார்கள். பிறகு டயபரில் வந்தது.

டயபரைப் பிரித்துப் பார்த்தால் பஞ்சுக்குள் சர்க்கரை மாதிரி வெள்ளைப் பொடி தெரியும். (குழந்தைக்கு எதிரே பிரிக்காதீர்கள். பொடி மூக்கிலும் கண்ணிலும் பட்டால் உறுத்தும்.) அந்தப் பொடி நீண்ட சங்கிலிகளால் ஆனது. சங்கிலிகள் அங்கங்கே ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு, தளர்ச்சியாகப் பின்னிய வலை மாதிரி இருக்கும். தண்ணீர் பட்டால் சங்கிலிகள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு விரிகின்றன. தண்ணீர் உள்ளே புகுந்து உட்கார்ந்துகொள்கிறது. முடிச்சுகள் இருப்பதால் வலை கரைந்து போவதில்லை. சுத்தமான தண்ணீர் என்றால் நூற்றுக்கணக்கான மடங்கு இழுக்கும். உப்புத் தண்ணீர் என்றால் அதில் ஒரு சிறு பங்குதான். ஊறிய ஜெல்லியின் மேல் ஒரு கரண்டி உப்பைத் தூவினால் வலை சுருங்கித் தண்ணீரைக் கக்கிவிடும். குழந்தையின் மூத்திரத்தில் உப்பு இருப்பதால்தான், விளம்பரத்தில் காட்டுகிற அளவுக்கு நம் வீட்டு டயபர் தாங்குவதில்லை!

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இளம் தாய்மார்களுக்காக. பூஜாடியில் போடவும் விளையாடவும் என்று கலர் கலராக "தண்ணீர் முத்து" விற்கிறார்களே, அதுவும் இதே வகைதான். காய்ந்திருக்கும்போது ஜவ்வரிசி அளவு, ஊறினால் கோலிக்குண்டு. தவழும் குழந்தை அதை விழுங்கிவிட்டால் குடலுக்குள் போய் ஊறிப் பெருத்துக் குடலையே அடைத்துவிடும். எக்ஸ்ரேயிலும் சரியாகத் தெரியாது. விடாமல் வாந்தி, வயிறு உப்புதல் என்றால் டாக்டரிடம் "வீட்டில் தண்ணீர் முத்து இருக்கிறது" என்று நீங்களாகவே வாய் திறந்து சொல்ல வேண்டும். சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் அந்தப் பொட்டலமே இல்லாமலிருப்பது நல்லது.

சரி, டயபர் எப்படித் தீயணைப்புக்கு வந்தது? 1990களில் ஃப்ளோரிடாவில் ஒரு தீயணைப்பு வீரர், எரிந்து முடிந்த வீட்டுச் சாமான்களைக் கிளறிக்கொண்டிருந்தார். எல்லாம் கரியாகிக் கிடந்த இடத்தில் ஒரே ஒரு டயபர் மட்டும் முழுசாக இருந்ததாம். ஈர டயபர்! உலர்ந்ததாக இருந்தால் நன்றாகவே எரிந்திருக்கும். உள்ளே பிடித்து வைத்திருந்த தண்ணீர் அதைக் காப்பாற்றிவிட்டது. அதிலிருந்து யோசித்து, தண்ணீரோடு கலந்து குழாய் வழியாகப் பீய்ச்சக்கூடிய தீத்தடுப்பு ஜெல்லைக் கொண்டு வந்தார். லட்சக்கணக்கான அம்மாக்கள் தினமும் சுருட்டி எறிகிற பொருளுக்குள் இருந்த விஷயம், பாருங்கள்.

தண்ணீரில் இந்த ஜெல்லை ஒரு சில சதவீதம் கலந்தால் போதும். குழாயில் தள்ளும்போது இளகி ஓடும், சுவரில் பட்டு நின்றதும் கெட்டிப்படும். பாட்டிலிலிருந்து வர மறுக்கும் தக்காளி சாஸ், ஒரு குலுக்குக் குலுக்கியதும் சடாரென்று கொட்டுகிறதே, அந்தக் குணம்தான். செங்குத்தான சுவரிலும் கண்ணாடி ஜன்னலிலும் ஓட்டிலும் விரற்கடைக் கனத்தில் அப்பிக்கொண்டு நிற்கும். நெருப்பு வந்தால் மேல் அடுக்கிலுள்ள தண்ணீர் வற்றிய பிறகே அடுத்த அடுக்குக்கு உஷ்ணம் எட்டும். அதுவரை அடியிலிருக்கும் மரப்பலகை, நம் சோற்றுப் பானை மாதிரி, 100 டிகிரிக்கு மேல் போகாமல் தப்பிக்கிறது.

பொறி பறக்கும் ஊர்

இதற்குத் தேவை அதிகம் இருப்பது கலிஃபோர்னியாவில். அங்கே வீடுகள் பெரும்பாலும் மரச் சட்டத்தில் கட்டியவை. கோடையில் மழை கிடையாது. மலையடிவாரப் புதர்கள் காய்ந்து விறகாகக் கிடக்கும்போது பாலைவனத்துப் பக்கமிருந்து வறண்ட காற்று அடிக்கும். 2018 நவம்பரில் பாரடைஸ் என்ற ஊரைத் தீ விழுங்கியபோது 85 பேர் இறந்தார்கள். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் பாலிசேட்ஸ், ஈட்டன் என்ற இரண்டு தீக்களில் மட்டும் 16,000க்கு மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. அப்போது மலை மேலிருந்த தெருக்களில் தீயணைப்புக் குழாய்களைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை. ஒரே நேரத்தில் எல்லோரும் எடுத்ததில் அழுத்தம் போய்விட்டது. தண்ணீர் தட்டுப்படும் நேரத்தில்தான், இருக்கிற கொஞ்சத்தை ஓடவிடாமல் நிறுத்திவைக்கும் பொருளின் அருமை தெரியும்.

அந்த ஊர்களில் வீட்டுக்கு எமனாக வருவது பெரிய தீ ஜுவாலை என்றுதான் நாம் நினைப்போம். பெரும்பாலும் அப்படி இல்லை. காற்றில் பறந்து வரும் கங்குகள்தான். கூரை ஓரத்து நீர்த்தாரையில் சேர்ந்திருக்கும் சருகில் ஒன்று விழும், பரணின் காற்றுத் துவாரத்துக்குள் ஒன்று நுழையும். யாரும் பார்க்காதபோது புகைய ஆரம்பிக்கும். ஊரைக் காலி செய்யச் சொல்லிவிட்டால் பக்கெட்டோடு நின்று பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இருக்காது. ஆகவே, புறப்படும் முன் ஜெல்லைப் பூசிவிட்டு, குழந்தைகளை அழைத்துக்கொண்டு கிளம்பலாம் என்பதுதான் இதன் கவர்ச்சி.

இங்கேதான் பழைய ஜெல்லின் பலவீனம் வருகிறது. தண்ணீர் இருக்கிறவரைதான் அதற்கு ஆயுள். வறண்ட காற்றும் வெயிலும் சேர்ந்தால், தீ வருவதற்கு முன்பே சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். திரும்ப நனைக்கலாம், ஆனால் நனைக்க ஆள் வேண்டுமே! தீ வந்த பிறகோ, தண்ணீர் ஆவியாகத் தீர்ந்த கணத்தில் வேலை முடிந்தது. அதற்கப்புறம் மரம் அடி பிடிக்க வேண்டியதுதான். பூசிய இடமெல்லாம் வழுக்கும், கழுவுவது சிரமம், விலையும் அதிகம் என்பதையெல்லாம் நான் பெரிதாக நினைக்கவில்லை. வீடு நின்றால் கழுவிக்கொள்ளலாம். தண்ணீர் தீர்ந்ததும் கைவிட்டுவிடுகிறது என்பதுதான் கவலைப்பட வேண்டிய குறை.

அப்பளம் போலப் பொரியும் ஜெல்

அந்தக் குறையைத் தீர்க்கத்தான் கலிஃபோர்னியாவிலேயே இருக்கும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் ஏப்பல் என்ற பேராசிரியரின் குழுவினர் வேலை செய்தார்கள். 2024ல் வெளியான அவர்களுடைய ஆராய்ச்சி ரொம்ப அழகானது. ஜெல்லில் அவர்கள் சேர்த்தது இரண்டே முக்கிய சாமான். ஒன்று, செடியின் நார்ச்சத்தான செல்லுலோஸிலிருந்து செய்த பாலிமர். மற்றொன்று சிலிக்காவின் மிக மிக நுண்ணிய துகள்கள். சிலிக்கா என்றால் ஏதோ அபூர்வ மருந்து இல்லை. ஆற்று மணலும் ஜன்னல் கண்ணாடியும் அதனால் ஆனவை. நெல் உமியை எரித்தால் மிஞ்சும் வெள்ளைச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காதான்.

இந்த ஜெல்லில் தீ படும்போது முதலில் பழைய ஜெல் செய்கிற வேலையையே இதுவும் செய்கிறது. தண்ணீர் கொதித்து ஆவியாகிறது. ஆனால் கொதிக்கும்போது எழும் குமிழிகள் ஜெல்லை உள்ளிருந்து உப்பவைக்கின்றன. பிறகு செல்லுலோஸ் எரிந்து போய்விடுகிறது. மிஞ்சிய சிலிக்காத் துகள்கள் அந்தக் குமிழிகளைச் சுற்றி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, வெள்ளை வெளேரென்று, கண் கண்ணாக ஓட்டை விழுந்த ஒரு கனத்த நுரைப் போர்வையாக நின்றுவிடுகின்றன. ஈர அப்பளமாகப் போனது பொரித்த அப்பளமாக வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன்! உஷ்ணம் படாதவரை அது வெறும் கூழ். பட்ட இடத்தில், பட்ட நேரத்தில் மட்டும் தானே கவசமாகிவிடுகிறது. ஜெல்லை அழிக்க வந்த உஷ்ணத்தைக் கொண்டே ஜெல் தன்னை மாற்றிக்கொள்வதுதான் இதிலுள்ள சாமர்த்தியம்.

இப்படிப்பட்ட நுரைக்கு ஏரோஜெல் என்று பெயர். 1931ல் சாமுவேல் கிஸ்ட்லர் என்ற அமெரிக்கர் ஏரோஜெல்லை முதன்முதலில் செய்து காட்டினார். சாதாரணமாக அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் காற்றுதான். நுண்ணிய அறைகளுக்குள் அடைபட்ட காற்று நகர முடியாமல் நிற்கும். நகராத காற்று உஷ்ணத்தை லேசில் கடத்தாது. "நீறு பூத்த நெருப்பு" என்கிறோமே! விறகடுப்புக் காலத்தில் ராத்திரி கங்கைச் சாம்பலால் மூடி வைத்துவிட்டால், காலையில் கிளறினால் உள்ளே சிவப்பாக இருக்கும். பஞ்சு போன்ற சாம்பலில் அடைபட்ட காற்று உள்ளேயிருந்த சூட்டை வெளியே விடவில்லை. ஏரோஜெல் போர்வை வெளியே இருக்கும் சூட்டை உள்ளே விடுவதில்லை. விஷயம் ஒன்றுதான், திசைதான் வேறு.

பலன் எவ்வளவு? ஒரு பலகையில் ஜெல்லைப் பூசி, பட்டறைகளில் உபயோகிக்கும் கேஸ் டார்ச்சின் ஜுவாலையை நேராகக் காட்டிப் பார்த்தார்கள். கடையில் கிடைக்கும் பழைய ஜெல் பூசிய பலகை 90 விநாடிகள்கூடத் தாங்காமல் கருக ஆரம்பித்தது. புதிய ஜெல்லில் சிறந்த கலவையைப் பூசிய பலகை 7 நிமிஷத்துக்கு மேல் தாங்கியது.

"இவ்வளவுதானா, ஏழு நிமிஷமா?" என்று கேட்கத் தோன்றும். ஒன்றரை நிமிஷம் என்பது கதவைப் பூட்டிச் சாவியைத் தேடுகிற நேரம். ஏழு நிமிஷத்தில் தூங்குகிற இரண்டு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, மாமியாரைக் கைப்பிடித்துக் காரில் ஏற்றித் தெருமுனை தாண்டிவிடலாம். காட்டுத்தீயின் பெரிய ஜுவாலை ஒரே வீட்டின் முன்னால் மணிக்கணக்கில் நிற்பதில்லை. எரிவதற்கு இருப்பதை எரித்துவிட்டு நகர்ந்துகொண்டே இருக்கும். அது கடந்து போகிற நேரத்தைத் தாங்கிவிட்டால் வீடு பிழைக்க வழி உண்டு. ஆனால் கங்குகள் அப்படி இல்லை. ஜுவாலைக்கு முன்பும் வரும், போன பிறகும் மணிக்கணக்கில் விழுந்துகொண்டிருக்கும். அங்கேதான், தண்ணீர் போன பிறகும் நிற்கிற இந்த வெள்ளைப் போர்வையின் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். ஆராய்ச்சிக்கூடத்துப் பலகை வேறு, சூறைக்காற்றில் நிற்கிற கூரை வேறு. சருகைக் கூட்டாமல், கூரை ஓரத்தைச் சுத்தம் செய்யாமல், பரண் துவாரத்தில் நெருக்கமான கம்பி வலை அடிக்காமல் எந்த ஜெல்லைப் பூசியும் புண்ணியமில்லை. அந்த மூன்றும் அந்த ஊர்த் தீயணைப்பு இலாகாவே சொல்கிற காரியங்கள்.

உஷ்ணத்துக்குப் பதில் சொல்லும் ஜெல்களில் இன்னொரு ஜாதியும் இருக்கிறது. சூடானால் இளகுவதுதானே உலக வழக்கம்? நெய் அப்படித்தான், ஐஸ்கிரீம் அப்படித்தான். மெத்தில் செல்லுலோஸ் என்ற பொருளைக் கரைத்த தண்ணீர் நேர்மாறு. குளிர்ச்சியில் தண்ணீராக ஓடும், சூடேறினால் கெட்டியாகும், ஆறினால் மறுபடி இளகிவிடும். முட்டை வெள்ளைக்கரு சூட்டில் கெட்டிப்படுமே, அப்படி. ஆனால் முட்டை திரும்ப இளகாது, இது இளகும். நிலக்கரிச் சுரங்கத் தீக்கு இப்படிப்பட்ட ஜெல்களைச் சீன ஆராய்ச்சியாளர்கள் நிறையச் சோதித்திருக்கிறார்கள். சுரங்கத் தீ கண்ணில் படாது. வெடிப்புகளுக்குள் ஆழத்தில் கனன்றுகொண்டிருக்கும். நம் நாட்டில் ஜார்க்கண்டில் ஜாரியா சுரங்கப் பகுதியில் 1916 முதலே நிலத்தடியில் எரிந்துகொண்டிருக்கிறது! வெடிப்புக்குள் தண்ணீராகவே ஊற்றினால் சந்து பொந்தெல்லாம் புகுந்து போகும். சூடான நிலக்கரியைத் தொட்டதும் அங்கேயே உறைந்து, காற்று புகும் வழியையும் அடைத்துவிடும். தேடிப் போய் அடைக்க ஆள் வேண்டாம், உஷ்ணமே இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

நம் அடுப்பங்கரைக்கு ஏன் வேண்டாம்?

இப்போது வாசகியின் இரண்டாம் பாதிக் கேள்வி. எந்தத் தீயணைப்பு ஜெல்லிலும் மிகப் பெரும்பகுதி தண்ணீர்தான். நம் அடுப்பங்கரையில் பிடிக்கும் தீயில் ரொம்ப ஆபத்தானது வாணலி எண்ணெய்த் தீ. அதில் தண்ணீர் எந்த ரூபத்திலும் கூடாது. எண்ணெயைவிடத் தண்ணீர் கனமானது, அடியில் போய்விடும். எரிகிற எண்ணெயோ 300 டிகிரிக்கு மேலிருக்கும். அடியில் போன தண்ணீர் சட்டென்று நீராவியாகி 1,600 மடங்குக்கு மேல் விரிந்து, தலைக்கு மேலிருக்கும் எண்ணெயை எல்லாம் எரிய எரிய மேலே தூக்கி அடிக்கும். ஒரு தம்ளர் தண்ணீர் போதும், தீ கூரையைத் தொட்டுவிடும். அப்பளம் பொரிக்கும்போது ஒரு சொட்டு விழுந்தாலே எப்படித் தெறிக்கிறது! ஜெல்லும் தண்ணீர்தானே? மின்சாரத் தீக்கும் இதே காரணத்தால் ஆகாது.

வாணலியில் தீப்பிடித்தால் முதலில் கேஸை அணையுங்கள். பொருந்துகிற மூடியையோ அகலமான தட்டையோ உங்கள் பக்கத்திலிருந்து எதிர்ப் பக்கமாக நகர்த்தி மூடுங்கள். மேலிருந்து தொப்பென்று போட்டால் கை வெந்துவிடும். மூடிய பிறகு "அணைஞ்சுடுச்சா பார்க்கலாம்" என்று திறக்கக் கூடாது. எண்ணெய் சூடாக இருக்கும்போதே காற்றுப் பட்டால் மறுபடி பற்றிக்கொள்ளும். அரை மணி நேரமாவது அப்படியே கிடக்கட்டும். எரிகிற வாணலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கோ கொல்லைக்கோ ஓடவே கூடாது. ஓடுகிற வேகத்தில் எண்ணெய் தளும்புவது நம் புடவையில்தான். மூட முடியவில்லை, தீ பெரிதாகிவிட்டது என்றால் எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு 101க்குப் போன் செய்யுங்கள்.

பெரிய ஹோட்டல் சமையலறைகளில் எண்ணெய்த் தீக்கென்றே ஒரு தனி அணைப்பான் வைத்திருப்பார்கள். "வெட் கெமிக்கல்" என்று பெயர். பொட்டாசியம் உப்புகள் கரைந்த காரமான திரவம் அதில் இருக்கும். நுண்ணிய தூவலாக மெள்ள இறங்கும்படி அதன் குழாயை அமைத்திருப்பதால் எண்ணெயைத் தெறிக்கவிடாது. எண்ணெயும் காரமும் சூட்டில் சேர்ந்தால் என்ன ஆகும்? சோப்பு! எரிகிற எண்ணெயின் மேல் அந்தக் கணமே ஒரு சோப்பு நுரைப் படலம் உண்டாகிக் காற்றை அடைத்துவிடுகிறது. இதுவும் தீயின் சூட்டையே வாங்கிப் போர்வை செய்துகொள்கிற வித்தைதான். ஸ்டான்ஃபோர்டு ஜெல்லுக்கு ஒன்றுவிட்ட அக்கா என்று சொல்லலாம். வீட்டிலேயே பலகாரக் கடை, கேட்டரிங் என்று பெரிய எண்ணெய்ச் சட்டி வைத்துத் தொழில் செய்கிற சகோதரிகள் வாங்க வேண்டியது இதுதான்.

"தீக்காயத்துக்காவது ஜெல் நல்லதா?" என்ற கேள்வி அடுத்து வரும் என்று தெரியும். மருந்துக் கடையில் தீக்காயத்துக்கென்றே, கிருமி நீக்கி உறையில் போட்ட ஹைட்ரோஜெல் கட்டுத்துணி கிடைக்கிறது. தண்ணீர் வசதி இல்லாத இடத்தில், பிரயாணத்தில், அது உதவும். அதற்காக டயபரைப் பிரித்து அந்தப் பொடியையோ கூழையோ புண்ணில் வைத்துவிடாதீர்கள். அது சுத்தமானதும் இல்லை, ஒட்டிக்கொண்டால் எடுக்கிற டாக்டருக்கும் கஷ்டம், குழந்தைக்கும் கஷ்டம்.

குழாய்த் தண்ணீர் இருக்கிற வீட்டில் அதற்கு மிஞ்சிய முதல் உதவி கிடையாது. சுட்ட இடத்தில் 20 நிமிஷம் ஓடுகிற தண்ணீர் பட வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிஷம். நாம் பதறுகிற பதற்றத்தில் இரண்டு நிமிஷமே அரை மணி மாதிரி இருக்கும். குழாயில் வரவில்லை என்றால் பக்கெட்டிலிருந்து சொம்பால் விடாமல் ஊற்றலாம். உடனே முடியாமல் போனாலும், சுட்டு மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. வீங்குவதற்கு முன் வளையல், மோதிரம், கொலுசு, அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். தோலோடு ஒட்டிய துணியை மட்டும் பிய்க்காதீர்கள். ஐஸ் வேண்டாம். இட்லி மாவு, பற்பசை, இங்க், மஞ்சள், வெண்ணெய் எதுவும் வேண்டாம். பாட்டியே சொன்னாலும் வேண்டாம். கைக்குழந்தையாக இருந்தால் சுட்ட இடத்தை மட்டும் தண்ணீரில் காட்டி, மற்ற உடம்பை உலர்ந்த துணியால் போர்த்திச் சூடாக வைத்துக்கொள்ளுங்கள். பச்சைக் குழந்தைக்கு உடம்பு சட்டென்று குளிர்ந்துவிடும். பிறகு சுத்தமான மெல்லிய துணியால் தளர்த்தியாக மூடி டாக்டரிடம் போக வேண்டியதுதான். முகம், கை, பிறப்புறுப்பு, மூட்டு இவற்றில் பட்டிருந்தாலும், குழந்தையின் உள்ளங்கையை விடப் பெரிய காயமாக இருந்தாலும், "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று இருக்காமல் 108ஐக் கூப்பிட்டுவிடுங்கள்.